நாலு ரூபாய் தள்ளுபடியில் கையில் நிற்பது எவ்வளவு?

பெங்களூரில் ஆப் செய்து விற்கும் நம்மாட்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது: கூகுள் பிளே ஸ்டோர் பில்லிங்கை விட்டுச் சொந்தமாக கேட்வே, அதாவது ஆன்லைனில் பணம் வசூலிக்கும் சேவை, வைத்தால் கமிஷன் தப்பிவிடும். தப்பாது. காசு வரும் வழிதான் மாறும். கூகுளின் சேவைக் கட்டணம் கூடவே வரும்.

வரி நீங்கலாக 100 ரூபாய் மாதச் சந்தா என்று வையுங்கள். கூகுள் பில்லிங்கில் கமிஷனாக 15 ரூபாய் போகும். கூகுள் பில்லிங்கா உங்கள் கேட்வேயா என்று வாடிக்கையாளரையே தேர்ந்தெடுக்க விடும் யூசர் சாய்ஸ் பில்லிங்கில் அவர் உங்கள் கேட்வேயைத் தேர்ந்தெடுத்தால் 4 குறைந்து 11. ஆனால் கேட்வே 2 சதவீதம் பிடிப்பது ஜிஎஸ்டி சேர்ந்த 118 ரூபாய்க்கு: 2.36. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 42 காசு. ஆக 13.78. கூகுள் பில்லிங்கின் 15-ஓடு ஒப்பிட்டால் மிச்சம் 1.22; அந்த 42 காசு ஜிஎஸ்டியை நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொண்டால் (உள்ளீட்டு வரி வரவு) 1.64.

இந்த ஒன்றரை ரூபாய்க்கு வேலை ஏராளம். ஒவ்வொரு பரிவர்த்தனையையும் 24 மணி நேரத்துக்குள் ஏபிஐ (இரண்டு மென்பொருள்கள் தமக்குள் பேசும் வழி) மூலம் கூகுளுக்குத் தெரிவிக்க வேண்டும். முதல் வாங்கலைத் தெரிவித்துவிட்டு மாதாமாதப் புதுப்பிப்பைக் கோட்டைவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. ரீஃபண்டும் அப்படித்தான் விடுபடும். ரிசர்வ் வங்கி விதிப்படி, தானியங்கிப் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு போக வேண்டும். ஆண்டுச் சந்தா 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. அங்கே சிலர் நழுவக்கூடும். விலை சின்னது, வாடிக்கையாளர் சிலர் என்றால் இதைத் தொடாமலிருப்பதே மேல்.

அரசு கைகொடுக்காதா? 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் பிளே பில்லிங் விவகாரத்தில் 936.44 கோடி அபராதம் போட்டு, மாற்று பில்லிங்கை அனுமதிக்கச் சொன்னது. கமிஷன் இவ்வளவுதான் இருக்கலாம் என்று விகிதம் எதையும் நிர்ணயிக்கவில்லை. ஓட்டை அங்கேதான். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை 216.69 கோடியாகக் குறைத்தது. 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டி மசோதா வரைவோ பெரிய தளங்களுக்கு முன்கூட்டியே கடிவாளம் போடப் பார்த்தது. அதை நம்பி இந்த ஆண்டு விலைப்பட்டியல் போடாதீர்கள்.

அந்த ஒன்றரை ரூபாயைவிடப் பெரிய காசு வேறிடத்தில் சிந்துகிறது. சந்தாவுக்கு 15 சதவீதக் கமிஷன் என்ற சலுகை தானாகவே கிடைக்கும். ஒரே தடவை விற்கும் பாடத்தொகுப்பு, விளையாட்டு நாணயம் போன்றவற்றுக்கு அப்படியில்லை. பிளே கன்சோலில் (ஆப் செய்பவர்கள் தங்கள் ஆப்பை நிர்வகிக்கும் கூகுள் தளம்) அக்கவுண்ட் குரூப் உருவாக்கி, உங்கள் நிறுவனத்தோடு தொடர்புள்ள மற்ற கணக்குகளையும் காட்டிப் பதிந்தால்தான் ஆண்டின் முதல் 10 லட்சம் டாலருக்கு 15 சதவீதம்; பதியாவிட்டால் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம். ஆப்பிளிலும் சிறுதொழில் திட்டத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.