கறுத்துப்போன டிஸ்க்தான் வலிக்கிறதா?

முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு, ஸ்கேன் சென்டரில் அந்தப் பெரிய கவரைக் கையில் வாங்கியதும் யாரும் படத்தைப் பார்ப்பதில்லை, ரிப்போர்ட்டைத்தான் உருவிப் படிக்கிறோம். 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்', 'நரம்பு வேரில் லேசான அழுத்தம்' என்று ஏதாவது எழுதியிருக்கும். (இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளை மேலிருந்து கீழாக எல்1, எல்2 என்று எண்ணுவார்கள். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவிலுள்ள ஜவ்வுதான் எல்4-எல்5 டிஸ்க்.) டாக்டரைப் பார்ப்பதற்குள் 'ஜவ்வு விலகிடுச்சாம்' என்ற செய்தி ஊரிலிருக்கும் சித்தப்பா வரை போய்ச் சேர்ந்துவிடும்.

டாக்டரோ படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "குதிகாலை ஊன்றி நாலடி நடந்து காட்டுங்க" என்பார். ஆயிரக்கணக்கில் செலவு பண்ணிப் படம் எடுத்தது இதற்கா என்று தோன்றும். ஆனால் அந்த நாலடி நடை இல்லாமல் படம் பாதிதான் பேசும்.

1895-ல் ரான்ட்கன் கண்டுபிடித்த எக்ஸ்ரே அடிப்படையில் ஒரு நிழல்படம். எலும்பிலுள்ள கால்சியம் கதிரை மறிக்கிறது, எலும்பு வெள்ளையாக விழுகிறது. இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் அதில் தெரியாது. வெறும் இடைவெளிதான் தெரியும். இடைவெளி குறைந்திருந்தால் டிஸ்க் தேய்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். நரம்பு சுத்தமாகத் தெரியாது.

எம்.ஆர்.ஐ. வேறு ஜாதி. அது தேடுவது தண்ணீரை. தண்ணீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பூமியின் காந்தப்புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு வலுவான 1.5 டெஸ்லா காந்தத்துக்குள் நம்மைப் படுக்கவைத்தால், அவை வேகம் குறைந்த பம்பரம் தலையாட்டுவதுபோல ஆடத் தொடங்கும். நொடிக்குச் சுமார் 6.4 கோடி முறை. அதே தாளத்தில் ஒரு ரேடியோ அலையை அனுப்பினால் பம்பரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, ஒன்றாக ஆடும். அலையை நிறுத்தியதும் அவை ஒரு சிறு ரேடியோ சிக்னலைத் திருப்பித் தந்துகொண்டே பழைய நிலைக்கு வரும். அந்தச் சிக்னல் எவ்வளவு நேரத்தில் மங்குகிறது என்பதில்தான் சூட்சுமம். தடையில்லாத தண்ணீரில் மெதுவாக மங்கும், இறுகிய நாரில் சட்டென்று மங்கிவிடும். கொஞ்சம் காத்திருந்து சிக்னலைப் பிடித்தால் தண்ணீர் வெள்ளையாகவும் நார் கறுப்பாகவும் பதிவாகும். 'டி2' படம் என்பது இதுதான். (உள்ளே தகரக் கொட்டகையில் ஆணி அடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்குமே, அது சிக்னல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, துணைக் காந்தச் சுருள்களில் மின்சாரத்தை மாற்றி மாற்றி விடும்போது அவை அதிர்வதால் வருவது.)

இப்போது டிஸ்க்கைப் பாருங்கள். இளவயதில் அது நுங்கு மாதிரி. வெளியே அடுக்கடுக்காக நார் வளையம், நடுவில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீராலான கூழ். டி2 படத்தில் நடுப்பகுதி பளிச்சென்று இருக்கும். வயதாக ஆக நுங்கு முற்றிக் கடுக்காயாவதுபோல நீர் வற்றுகிறது, படத்தில் டிஸ்க் கறுக்கிறது. ரிப்போர்ட்டில் 'டெசிகேஷன்' என்று மிரட்டுவது இந்த வற்றலைத்தான். நார் வளையம் தளர்ந்து சுற்றிலும் பிதுங்கினால் பல்ஜ். ஓரிடத்தில் கிழிந்து கூழ் வெளியே வந்தால் எக்ஸ்ட்ரூஷன்.

அப்படியானால் கறுத்த டிஸ்க்தான் வலிக்கிறதா? 1994-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இந்தக் கேள்வியைச் சாமர்த்தியமாகக் கையாண்டது. முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அந்தப் படங்களோடு முதுகுவலிக்காரர்கள் சிலரின் படங்களையும் கலந்து, எது யாருடையது என்று சொல்லாமல் ரேடியாலஜிஸ்டுகளிடம் கொடுத்தார்கள். வலியே இல்லாதவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஓரிடத்திலாவது பல்ஜ் இருந்தது! எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். 2015-ல் இப்படிப்பட்ட பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வலியில்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. நரைமுடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் இந்த எண்களை ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் அச்சடித்துக் கொடுக்கலாம்.

சரி, குதிகால் நடைக்கு வருவோம். எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கினால் வழக்கமாக எல்5 நரம்பு வேர்தான் நசுங்கும். பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகும், கால் கட்டைவிரலைத் தூக்க வலு இருக்காது, குதிகாலால் நடக்க முடியாது. அதற்குக் கீழே, இடுப்பின் அடி எலும்போடு (எஸ்1) சேரும் இடத்திலுள்ள எல்5-எஸ்1 டிஸ்க் என்றால் எஸ்1 நரம்பு. சுண்டுவிரல் பக்கம் மரக்கும், முன்னங்காலில் எம்பி நிற்க வராது. நோயாளி வலது காலைப் பிடித்துக்கொண்டு வர, படத்தில் இடது பக்கம் பிதுக்கம் இருந்தால் அந்தப் பிதுக்கம் நிரபராதி. கால் சொல்வதும் படம் சொல்வதும் ஒத்துப்போனால்தான் டாக்டர் அடுத்த கட்டத்துக்குப் போவார்.

அப்போதும் பெரும்பாலும் ஆபரேஷன் வேண்டியிருக்காது. வெளியே வந்து விழுந்த கூழை உடல் அந்நியப் பொருளாகக் கருதி, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கரைத்துவிடுவதுண்டு. இதில் வேடிக்கை, படத்தில் பயங்கரமாகத் தெரியும் பெரிய துண்டுகள்தான் சாதாரண பல்ஜைவிட அதிகமாகச் சுருங்குகின்றன.

காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. சிறுநீர் திடீரென்று வராமல் போவது, இருக்கைப் பகுதி மரத்துப்போவது, கால் பலவீனம் கூடிக்கொண்டே போவது என்றால் அன்றைக்கே ஸ்கேன். நம் நாட்டில் இன்னும் மலிந்திருக்கும் முதுகெலும்பு காசநோயிலும் எம்.ஆர்.ஐ. முந்திக்கொள்ளும். எலும்புத் தாதுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரைந்த பிறகே எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும், எம்.ஆர்.ஐ.யில் மஜ்ஜை வீக்கமும் சீழும் அதற்கு முன்பே தெரிந்துவிடும். விபத்தில் எலும்பு நொறுங்கியிருந்தால் சி.டி. ஸ்கேன்தான் ராஜா.

எக்ஸ்ரேயின் காலம் முடிந்துவிடவும் இல்லை. எம்.ஆர்.ஐ. படுக்கவைத்து எடுப்பது. நின்று குனியும்போது மட்டும் ஒரு முள்ளெலும்பு இன்னொன்றின்மேல் சறுக்குமானால், குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த இரண்டு சாதாரண எக்ஸ்ரேக்கள்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஆபரேஷன் தியேட்டருக்குள்ளும் படம் கூடவே வரும். ஆங்கில 'சி' எழுத்துபோல வளைந்த சி-ஆர்ம் என்ற நகரும் எக்ஸ்ரே மேசையைச் சுற்றி நிற்க, சர்ஜன் இடுப்புக்கூட்டிலிருந்து மேலே எலும்புகளை எண்ணுவார். சிலருக்கு இடுப்புப் பகுதி முள்ளெலும்பு ஐந்துக்குப் பதிலாக ஆறு. சிலருக்கு ஐந்தாவது கீழே ஒட்டிப்போயிருக்கும். எண்ணிக்கை பிசகினால் கத்தி தவறான டிஸ்க்கில் இறங்கிவிடும்.

இரண்டு மூன்று இடங்களில் பிதுக்கம் இருந்து, எது குற்றவாளி என்று காலும் படமும் சேர்ந்தும் சொல்லாதபோது, இதே சி-ஆர்மை வைத்து இன்னொரு வேலை செய்கிறார்கள். சந்தேகத்துக்குரிய நரம்பு வேரின் அருகே மெல்லிய ஊசியைக் கொண்டுபோய், முதலில் எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தைச் சில துளி விடுவார்கள். திரையில் அது நரம்பின் ஓரமாகக் கறுப்புக் கோடாக வழிந்தால் ஊசி சரியான இடத்தில் இருக்கிறது. பிறகு கொஞ்சம் மரப்பு மருந்து. அரை மணி கழித்து நோயாளியை எழுந்து நடக்கச் சொல்லி, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள்.