பக்கத்து ஃபோல்டரில் ஒரு பேக்கேஜ்

மூன்று பிராஜெக்டுகளில் ஒரே ஜிஎஸ்டி பில் கோடை காப்பி செய்து வைத்திருந்தோம். ஒரு திருத்தம் வந்தால் மூன்று இடத்திலும் மாற்ற வேண்டும், ஏதாவது ஒன்று விட்டுப்போகும். அதனால் அதைத் தனி பிஎச்பி பேக்கேஜாகப் பிரித்தேன்.

ஆரம்பத்தில் மெயின் ஆப்பில், வெளிப் பேக்கேஜுகள் இன்ஸ்டால் ஆகும் வெண்டார் ஃபோல்டருக்குள்ளேயே போய்ப் பேக்கேஜைத் திருத்திக்கொண்டிருந்தேன். தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். வழக்கமாக வெண்டாரை, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் (Git) சேர்ப்பதில்லை. ஒரு நாள் அதை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தேன். இரண்டு நாள் வேலை போயே போய்விட்டது.

இதற்கு, பிஎச்பி பேக்கேஜுகளை இன்ஸ்டால் செய்யும் கருவியான கம்போசரிலேயே வழி இருக்கிறது. ஆப்புக்குத் தேவையான பேக்கேஜுகளைப் பட்டியலிடும் கம்போசர் ஜேசன் (composer.json) ஃபைலில், ரெப்பாசிட்டரீஸ் பகுதியில், டைப் 'பாத்' என்று போட்டுப் பேக்கேஜ் இருக்கும் ஃபோல்டரைக் காட்டுங்கள். காப்பி எடுக்காமல், கம்போசர் முடிந்தவரை அந்த ஃபோல்டரையே சுட்டும் சிம்லிங்க் போட்டுவிடும், விண்டோஸில் அதே வேலையைச் செய்யும் ஜங்ஷன். பேக்கேஜில் ஒரு வரியை மாற்றினால் ஆப்பில் உடனே தெரியும். பேக்கேஜின் சொந்தக் கம்போசர் ஜேசனில் ஆட்டோலோடையோ (கிளாஸ்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் பகுதி) ரிக்வயரையோ (தேவையான மற்ற பேக்கேஜுகளின் பட்டியல்) மாற்றினால் மட்டும், ஆப்பில் கம்போசர் அப்டேட் ஓட்ட வேண்டும்.

இந்த வசதிக்குள்தான் நான் அதிகம் பயப்படும் ஆபத்து இருக்கிறது. சிம்லிங்க்கில் ஓடும்போது பேக்கேஜுக்கு ஆப்பின் ஆட்டோலோடர்தான் கிளாஸ்களைத் தேடித் தருகிறது. எங்கள் ஆப் லாரவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கில் எழுதியது. லாரவெலோடு, தேதிகளைக் கையாளும் கார்பன் பேக்கேஜ் தானாகவே வந்துவிடும். பில் தேதிக்காகப் பேக்கேஜுக்குள் கார்பனைப் பயன்படுத்தினேன், ஆனால் பேக்கேஜின் ரிக்வயரில் அதை எழுதவில்லை. மாதக்கணக்கில் எல்லாம் சரியாக ஓடியது. அப்புறம் லாரவெல் இல்லாத சாதாரண பிஎச்பி பிராஜெக்ட் ஒன்றில் அதே பேக்கேஜைப் போட்டோம். முதல் பில்லிலேயே 'கிளாஸ் நாட் ஃபவுண்ட்'. டெஸ்டுகளையும் ஆப்புக்குள்ளிருந்தே ஓட்டியதால் அவையும் எங்களை எச்சரிக்கவில்லை. இப்போது ரிலீஸுக்கு முன்னால் பேக்கேஜை வேறொரு ஃபோல்டரில் தனியாக குளோன் செய்து, அங்கேயே கம்போசர் இன்ஸ்டால் செய்து டெஸ்ட் ஓட்டுகிறேன். அதிகம் போனால் பத்து நிமிட வேலை. ரிக்வயரில் விட்டுப்போனது பெரும்பாலும் அங்கேயே சிக்கிவிடும்.

இன்னொன்று டிப்ளாய்மென்ட், அதாவது ஆப்பை சர்வரில் ஏற்றுவது. பாத் போட்டு அப்டேட் செய்தால், அந்த ஃபோல்டர் பாதை, இன்ஸ்டால் ஆகும் வெர்ஷன்களைப் பதிந்து வைக்கும் லாக் ஃபைலிலும் ஏறிவிடும். உங்கள் லேப்டாப்பில் பக்கத்தில் இருக்கும் ஃபோல்டர் சர்வரில் இருக்காது, அங்கே இன்ஸ்டால் நின்றுவிடும். பேக்கேஜ் ஒரே ஓர் ஆப்புக்குத்தான் என்றால், அதை ஆப்பின் ரெப்போவுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். கோடோடு சேர்ந்து அதுவும் போய்விடும். டாக்கர் இமேஜ் (ஆப் ஓடத் தேவையானதெல்லாம் அடங்கிய பொதி) கட்டும்போது, கம்போசர் இன்ஸ்டாலுக்கு முன்பே அந்த ஃபோல்டரை காப்பி செய்ய மறக்காதீர்கள். பல ஆப்களுக்குப் பொது என்றால் தனி கிட் ரெப்போ, வெர்ஷன் டேக், அதிலிருந்து இன்ஸ்டால்.

எங்கள் பொதுப் பேக்கேஜுக்கு இரண்டாவது வழிதான். பாத் அமைப்பை லோக்கலில் மட்டும் வைத்துக்கொள்கிறோம். மெர்ஜ் செய்வதற்கு முன் லாக் ஃபைலைத் திறந்து, வெளி ஃபோல்டரைக் காட்டும் இரண்டு புள்ளியும் சாய்கோடும் (../) எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று ஒருவர் தேடிப் பார்க்கிறார்.