ஃபைல் தொலைந்த முதல் அரைமணி நேரம்

காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே போன் அடிக்கும். "அண்ணா, நேத்து ராத்திரி பூரா டைப் பண்ணது, எல்லாம் போயிடுச்சு." நான் கேட்பது ஒன்றுதான்: "போனதுக்கு அப்புறம் என்னென்ன பண்ணீங்க?" மறுமுனையில் கொஞ்சம் இழுத்தார்கள் என்றால் எனக்குப் புரிந்துவிடும். யூடியூப் பார்த்து இரண்டு மூன்று சாஃப்ட்வேர் இறக்கியிருப்பார்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டுத் தம்பி வந்து விண்டோஸையே புதிதாகப் போட்டிருப்பான்.

சென்னையில், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருப் பக்கம் டேட்டா ரெக்கவரி, அதாவது தொலைந்த ஃபைல்களை மீட்டுக் கொடுக்கிற வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிற ஃபைல்களில் பல உண்மையில் தொலையவே இல்லை, வேறு எங்கோ உட்கார்ந்திருக்கின்றன. தொலைந்தவற்றிலும் நிறைய, உடனே கையை எடுத்திருந்தால் முழுதாகக் கிடைத்திருக்கும். அந்த முதல் அரைமணி நேரத்தில் செய்கிற காரியம்தான் ஃபைலைக் கொல்கிறது.

தொலையாத ஃபைலுக்கு ஓர் உதாரணம். பாரிமுனையில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிங் பார்க்கிற அக்கா ஒருவர் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். மறுநாள் தாக்கல் செய்யவேண்டிய மனு. "சேவ் பண்ணேன் தம்பி, பத்து தடவை பண்ணேன். சீனியர் நம்ப மாட்டேங்கிறார்." அவர் சொன்னது சத்தியம். வக்கீல் அனுப்பிய ஃபைலைக் கம்ப்யூட்டரில் இருக்கும் வாட்ஸ்அப்பிலேயே இரட்டைக் கிளிக் செய்து திறந்திருக்கிறார். அப்படித் திறக்கும் ஃபைல் உங்கள் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்கு வராது. 'ஆப்டேட்டா' என்ற மறைவான ஃபோல்டருக்குள், பெயரே வாயில் நுழையாத ஏதோ ஒரு அடுக்கில் போய் உட்காரும். கண்ட்ரோல்-எஸ் அடிக்க அடிக்க அங்கேயேதான் சேவ் ஆகிக்கொண்டிருக்கும். மெயிலில் வந்த ஃபைலை அங்கேயே திறந்தாலும், ஜிப் ஃபைலைப் பிரிக்காமல் உள்ளே போய்த் திறந்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

நான் செய்தது இவ்வளவுதான்: வேர்டைத் திறந்து, 'ஓப்பன்' போய், 'ரீசன்ட்' பட்டியலில் அந்த ஃபைல் பெயரைக் கிளிக் செய்தேன். வந்துவிட்டது. உடனே 'சேவ் ஆஸ்' கொடுத்து டெஸ்க்டாப்பில் போட்டேன். இரண்டு நிமிட வேலை. அக்கா பர்ஸைத் திறந்தார், டீ மட்டும் வாங்கிக்கொண்டேன். ஆனால் வருகிற வழியில் அவருக்கு யாரோ "டிஸ்க் கிளீனப் போடுங்க, சரியாகும்" என்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். தற்காலிக ஃபைல்களைத் துடைப்பதுதான் அதன் வேலை. போட்டிருந்தால், இப்படி மறைவில் கிடக்கிற ஃபைலும் அதோடு போயிருக்கலாம். நல்லவேளை, அவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

அடுத்தது, மூடும்போது 'டோன்ட் சேவ்' அடித்துவிட்டவர்கள். தூக்கக் கலக்கத்தில் எல்லாரும் ஒருமுறையாவது அடித்திருப்போம். வேர்டில் 'ஃபைல்', 'இன்ஃபோ', 'மேனேஜ் டாக்குமெண்ட்' என்று போனால் 'ரெக்கவர் அன்சேவ்டு டாக்குமெண்ட்ஸ்' என்று ஒன்று இருக்கும். பெயரே வைக்காமல் டைப் செய்து மூடிய ஃபைல்கூட அங்கே கிடைக்க வாய்ப்புண்டு. இரண்டு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும். அங்கே 4 நாள்தான் வைத்திருக்கும், அப்புறம் தானாக அழித்துவிடும். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று இருந்தால் போச்சு. இன்னொன்று, வேர்ட் தானாக நகல் எடுப்பது வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை. எட்டு நிமிடம் டைப் செய்து மூடியிருந்தால் அங்கே ஒன்றும் இருக்காது. 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' போய் அந்தப் பத்தை இரண்டாக்கிவிடுங்கள். கரண்ட் போகும்போது யுபிஎஸ் பேட்டரி காலை வாரினாலும் இரண்டு நிமிட வேலைதான் போகும்.

எனக்கு அதிகமாக வருகிற புகார் அழித்ததால் வருவதில்லை, மேலே எழுதியதால் வருவது. போன வருஷத்து வாடகை ஒப்பந்தத்தைத் திறப்பார்கள், பெயரையும் தொகையையும் மாற்றுவார்கள், பழக்க தோஷத்தில் கண்ட்ரோல்-எஸ். பழைய ஒப்பந்தம் காலி. இதைப் படிக்கும்போது உங்களுக்கு அப்படி ஆகியிருந்து, அந்த ஃபைல் இன்னும் திறந்தே இருந்தால், தயவுசெய்து மூடாதீர்கள். சேவ் செய்த பிறகும் வேர்டில் கண்ட்ரோல்-இசட் வேலை செய்யும். அடித்துக்கொண்டே பின்னால் போய், பழையது வந்ததும் 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு பெயரில் வையுங்கள். மூடிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். அப்புறம் ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ ஃபைல் இருந்தால் அதன் 'வெர்ஷன் ஹிஸ்டரி' ஒன்றுதான் கைகொடுக்கும். அங்கே அழித்த ஃபைலும் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும்.

சரி, நிஜமாகவே அழிந்த ஃபைலுக்கு வருவோம். சென்னையில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பழைய ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபைலை டெலீட் செய்வது என்பது வாசலில் 'டூ-லெட்' போர்டு மாட்டுவது மாதிரி. உள்ளே பழைய குடித்தனக்காரரின் சாமான் அப்படியே கிடக்கும். கம்ப்யூட்டர் தன் பதிவேட்டில் "இந்த இடம் காலி" என்று மட்டும் எழுதிக்கொள்கிறது. புதுக் குடித்தனம் வரும்வரை சாமானுக்கு ஆபத்தில்லை. நீங்கள் இறக்குகிற ரெக்கவரி சாஃப்ட்வேர் இருக்கிறதே, அதுவே அந்தப் புதுக் குடித்தனமாகிவிடலாம். பார்க்கிற யூடியூப் வீடியோவுக்கு பிரௌசர் டிஸ்கில் சேமிக்கிற தற்காலிகத் துண்டுகளும்தான். அதனால்தான் ஃபைல் அழிந்ததும் அந்த மெஷினை அணைத்துவிட்டு, டிஸ்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டித் தேடச் சொல்கிறோம். கிடைத்ததை எழுதுவதும் வேறு டிஸ்கில்தான்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற புது வகை டிஸ்கான எஸ்எஸ்டி வேறு ரகம். அங்கே ஹவுஸ் ஓனர் ரொம்ப சுறுசுறுப்பு, போர்டு மாட்டிய அன்றே வெள்ளை அடித்துவிடுவார். விண்டோஸ் 7 காலத்திலிருந்தே 'ட்ரிம்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. எந்த இடம் காலி என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும், எஸ்எஸ்டி அந்த இடத்தைத் தானே சுத்தம் செய்துவிடும். ரீசைக்கிள் பின்னுக்கும் போகாமல் அழிக்கிற ஷிஃப்ட்-டெலீட்டை அடித்துவிட்டு ஒரு வாரம் கழித்து வருகிற எஸ்எஸ்டியைப் பார்த்து "முயற்சி பண்றேன்" என்று நான் சொல்வதில்லை. அது பொய் நம்பிக்கை. சவுகார்பேட்டையில் கடை வைத்திருக்கிற ஒருவருக்கு மூன்று வருஷக் கணக்கு அப்படித்தான் போனது. ஆடிட்டரிடமும் மெயிலிலும் இருந்த நகல்களைத் தேடி எடுக்கச் சொல்லி அனுப்பினேன். அவர் என்னைவிடத் திறமைசாலி யாராவது இருக்கிறாரா என்று கேட்டார். கோபம் வரவில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

புது லேப்டாப்காரர்கள் இன்னொன்றையும் பார்த்துவைக்க வேண்டும். பலவற்றில் டிஸ்க் பூட்டப்பட்டே வருகிறது, அதற்கான சாவி 48 இலக்க எண். வழக்கமாக அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். "உங்கள்" என்று சொன்னேன். விற்ற கடைக்காரப் பையன் அவசரத்துக்குத் தன் மெயில் ஐடியைப் போட்டு லேப்டாப்பைத் தயார்செய்து கொடுத்திருந்தால், சாவி அவன் கணக்கில் இருக்கும். அவன் வேலையை விட்டு ஊருக்குப் போயிருப்பான். மதர்போர்டு போன பிறகு இதைக் கண்டுபிடித்து என்ன பயன்? டிஸ்க் நன்றாக இருந்தும் அந்த எண் இல்லாமல் நான் ஒன்றும் செய்ய முடியாது.

டிஸ்க் 'டக்... டக்' என்று சத்தம் போட்டால் அந்த நொடியே பிளக்கைப் பிடுங்குங்கள். உள்ளே படிக்கிற முனைக்கும் சுழல்கிற தட்டுக்கும் நடுவே தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளிதான். முனை பழுதாகித் தட்டில் உரச ஆரம்பித்தால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தகவல் தூளாக உதிர்கிறது. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்பது பழைய கட்டுக்கதை, ஈரம் கோத்துக்கொள்வதுதான் மிச்சம். திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அந்தத் தூசிக்குப் பிறகு பெரிய ரெக்கவரி லேப்காரர்களே கையை விரித்துவிடுவார்கள்.

தண்ணீர் பட்டதும் அப்படித்தான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும், நனைந்த டிஸ்க்குகள் பை பையாக வந்தன. மொட்டை மாடி வெயிலில் காயவைத்ததும், அரிசி டப்பாவில் புதைத்ததும், ஹேர் டிரையர் பிடித்ததும்தான் மிக மோசமாக இருந்தன. சேற்றுத் தண்ணீர் உள்ளே காய்ந்தால் தட்டின்மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். நனைந்த டிஸ்கை ஆன் செய்யாமல், காயவும் விடாமல், ஈரத்தோடே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, டிஸ்கைத் திறந்து வேலை செய்யத் தூசியே இல்லாத சுத்தமான அறை வசதியுள்ள லேபுக்குக் கொண்டுபோங்கள். எங்கள் தெருவில் 'ரெக்கவரி' என்று போர்டு வைத்திருக்கிற எல்லாரிடமும் அந்த வசதி கிடையாது. என்னிடமும் கிடையாது. கேட்டால் சொல்லிவிடுவேன், நீங்களும் கேளுங்கள். எங்கே கொடுத்தாலும், கிடைத்த ஃபைல்களின் பட்டியலைக் கண்ணால் பார்த்து, இரண்டு மூன்றைத் திறந்தும் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, அதைச் சொல்ல அந்த ஆராய்ச்சி மாணவியின் கதைதான் சரி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெரினா வளாகத்தில் பிஎச்டி. திருவல்லிக்கேணியில் ஒரு டிடிபி கடையில் கொடுத்து அடித்த ஆய்வேடு, இருந்தது ஒரே ஒரு பென்டிரைவில். எங்கோ ஒரு மெஷினில் சொருகியபோது "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டிருக்கிறது, யாரோ 'யெஸ்' அழுத்திவிட்டார்கள். பென்டிரைவில் அழிவது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. ஆனால் அவர் புத்திசாலி, அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். பெரும்பாலான பென்டிரைவ்களில் ட்ரிம் கிடையாது, 'குயிக் ஃபார்மட்' என்கிற அவசர ஃபார்மட் பதிவேட்டைத்தான் துடைக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். பதிவேடு இல்லாமலே, ஒவ்வொரு வகை ஃபைலும் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துத் தேடுவது அது. உதாரணமாக, 2007க்குப் பிறகு வந்த வேர்ட் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. அதன் முதல் இரண்டு எழுத்து பி, கே என்றிருக்கும். ஜிப்பை உருவாக்கிய பில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை.

நூற்றுக்கணக்கில் ஃபைல் வந்தது, ஒன்றுக்கும் பெயர் இல்லை. எஃப் போட்டு வெறும் எண்கள். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. அவர் கண் கலங்கிவிட்டார், "கரப்ட் ஆயிடுச்சா அண்ணா?" ஆகவில்லை. டிடிபி கடையில், ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டிக் காட்டும் பாமினி என்ற பழைய ஃபாண்டில் அடித்திருக்கிறார்கள், என் மெஷினில் பாமினி இல்லை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஃபாண்டைப் போட்டதும் குப்பை தமிழாகிவிட்டது. இது தெரியாமல் நல்ல ஃபைலை "கெட்டுப்போச்சு" என்று தூக்கிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். தேடும்போதும் இதே கவனம் வேண்டும். இப்போது போனில் நாம் அடிக்கிற யூனிகோடில் 'தமிழ்' என்று அடித்துத் தேடினால் ஒன்றும் சிக்காது, அந்த ஜே, கே, பி, ஓவை அடித்தால் வரிசையாக வந்து நிற்கும்.

அப்படித்தான் ஒவ்வொன்றாகப் பிடித்தோம். மூன்றாம் இயலுக்கு நான்கு பழைய வடிவங்கள் கிடைத்தன, கடைசி இயல் பாதிதான் வந்தது. அவர் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, திறந்து படித்து, பெயர் வைத்துக்கொண்டே வந்தார். எதிர்க்கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். கடைசி ஃபைலுக்கும் பெயர் வைத்துவிட்டு, கைக்குட்டையை என் மேஜைமேல் பிரித்தார்.

"இதே பென்டிரைவிலேயே போட்டுக் கொடுத்துடுங்கண்ணா."