புல்தரையில் முளைத்த வெள்ளைக் காளான்: சமைக்கும் முன் அடியைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் போதும், என் வாட்ஸ்அப் முழுக்கக் காளான் படங்கள்தான். பூஞ்சைகளை ஆராய்வது என் தொழில் என்பதால் நண்பர்களும் உழவர்களும் அவர்களிடம் எண் வாங்கியவர்களும் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். கேள்வி ஒன்றுதான்: "சார், இதைச் சாப்பிடலாமா?" படமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், மேலிருந்து எடுத்த வெள்ளைக் குடை. அதை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. கைபேசிச் செயலி ஏதாவது ஒரு பெயரைச் சொல்லும். அதை நம்பிக் குழம்பு வைக்கக் கூடாது.

ஓர் ஐப்பசி மழையில், கோவைக்கு வெளியே புது வீடு கட்டிக் குடிபோன ஒருவர் இப்படித்தான் அனுப்பினார். வீட்டு முன்னால் புதிதாகப் போட்ட புல்தரை. அதில் அரைவட்டமாக வரிசைகட்டிப் பெரிய பெரிய வெள்ளைக் காளான்கள். "எங்கம்மா ஊர்ல பறிச்சுப் பழகினவங்க சார், புத்துக்காளான்தான்னு சொல்றாங்க. கழுவி வெச்சாச்சு" என்றார். அடுப்பில் ஏற்ற வேண்டாம் என்று முதலில் சொல்லிவிட்டு, மண்ணில் மிச்சமிருந்த ஒன்றைச் சுற்றிலும் தோண்டி அடியோடு எடுக்கச் சொன்னேன்.

அந்தம்மாவின் அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். அவர் பறித்துப் பழகியது கரையான் புற்று உள்ள காட்டில். எந்த வேலியோரம், எந்த மாதம், எந்த மழைக்கு அப்புறம் என்பதெல்லாம் அந்த அறிவுக்குள் அடங்கியிருக்கிறது. ஆனால் அது அந்த மண்ணுக்கான அறிவு. உரம் போட்டுத் தினமும் தண்ணீர் விடும் நகரத்துப் புல்தரையில் அதே உருவத்தில் வேறொன்று முளைக்கிறது.

அந்த வேறொன்றின் பெயர் குளோரோஃபில்லம் மாலிப்டைடிஸ். உலகெங்கும் வெப்பமான ஊர்களின் புல்தரைகளில் வரும். குடை 20 செ.மீ.க்கு மேலும் விரியும். வெள்ளைக் குடையின் மேல் பழுப்புச் செதில்கள் சிதறியிருக்கும், நடுவில் மட்டும் அடர்த்தியாக. தண்டில் ஒரு வளையம் உண்டு, விரலால் தள்ளினால் மேலும் கீழும் நகரும். தண்டின் அடி லேசாகத் தடித்து மண்ணிலேயே முடிந்துவிடும். புற்றுக்காளான் அப்படி முடியாது. அதன் தண்டு வேர்போல மெலிந்து, ஆழத்தில் கரையான் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம் வரை இறங்கும். குடையின் நடுவில் பெரும்பாலும் கூரான முனை இருக்கும். இழுத்துப் பிடுங்கினால் அந்த வேர் அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும் என்பதால்தான் தோண்டச் சொன்னேன். வளையத்தை மட்டும் நம்ப முடியாது, புற்றுக்காளானிலும் சில இனங்களுக்கு வளையம் உண்டு.

இன்னொரு சோதனை, வித்துப் பதிவு, அதாவது காளான் உதிர்க்கும் தூள் போன்ற வித்துகளின் நிறத்தைத் தாளில் பார்ப்பது. குடையின் அடியில் நெருக்கமாக அடுக்கியிருக்கும் மெல்லிய தகடுகளைச் செவுள்கள் என்போம். தண்டை ஒட்ட நறுக்கிவிட்டு, செவுள் கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் குடையை வைத்து, ஒரு பாத்திரத்தால் மூடி ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும். அவரும் அப்படியே வைத்தார். காலையில் குடையைத் தூக்கிப் பார்த்தால், தாளில் நடுவிலிருந்து விளிம்பு வரை கோடு கோடாக மங்கிய பச்சைத் தூள். வெளிர் இளஞ்சிவப்பு விழுந்திருந்தால் புற்றுக்காளானாக இருக்கலாம் என்று பேச்சைத் தொடர்ந்திருக்கலாம். பச்சை விழுந்ததும் பேச்சு முடிந்தது. கழுவி வைத்ததெல்லாம் குப்பைக்குப் போனது.

இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இந்தக் காளானின் செவுள் இளசில் தூய வெள்ளை, முற்றினால்தான் பச்சை பாயும். சமைக்கப் பறிப்பவர்களோ இளசாகத்தான் பறிப்பார்கள். தின்றால் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பெரியவர்கள் நரம்பு வழியாக நீரேற்றிக்கொண்டு பொதுவாக ஓரிரு நாளில் தேறிவிடுவார்கள். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் அந்த நீரிழப்பே ஆபத்து.

பதிவு வெள்ளையாக விழுந்தால் நல்ல காளான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கொல்லும் அமானிட்டா இனங்களின் வித்தும் வெள்ளைதான். இந்தச் சோதனை ஒரு காளானை விலக்க உதவும், சேர்த்துக்கொள்ள உதவாது. அமானிட்டாவின் அடியில் கிழிந்த உறை ஒன்று மண்ணுக்குள் புதைந்திருக்கும். கத்தியால் மேலாக அறுத்தெடுப்பவர் அதைப் பார்க்கவே மாட்டார். அமானிட்டாவில் மட்டுமல்ல, லெபியோட்டா என்ற சிறு காளான்கள் சிலவற்றிலும் உள்ள அமாடாக்சின் நச்சு, வேகவைத்தாலும் வறுத்தாலும் காயவைத்தாலும் அழியாது. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் சமைத்துச் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்.

நம் சமையலறைச் சோதனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளிக் காசு கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா, புழு அரித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒன்றுகூட நச்சைக் காட்டாது. நத்தை தின்றுவிட்டு நலமாக நகர்ந்துபோகும் காளான் மனிதரைக் கொல்லும்.

யாராவது சாப்பிட்டுவிட்டால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது, சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் வாந்தி தொடங்கியது என்பதைத்தான். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கினால் அமாடாக்சின் என்ற சந்தேகம் வலுக்கும். அதிலும் கொடுமை, இரண்டாம் நாள் வாந்தி நின்று ஆள் தெளிந்ததுபோல இருப்பார். "சரியாப் போச்சு" என்று வீட்டுக்குக் கூட்டிவருவது அப்போதுதான். அந்த நேரத்தில் கல்லீரல் உள்ளே அழிந்துகொண்டிருக்கும். சீக்கிரம் தொடங்கிவிட்டதே என்று அலட்சியமாகவும் இருக்க வேண்டாம், பலவகைக் காளான் கலந்திருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. வாந்தி எடுக்கட்டும் என்று உப்புத் தண்ணீர் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். மிச்சமிருக்கும் காளானைத் தாளில் சுற்றி எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் பையில் போட்டால் அழுகிவிடும். அதே குழம்பைச் சாப்பிட்ட மற்றவர்களையும், அறிகுறி இல்லாவிட்டாலும், கூடவே அழைத்துப் போங்கள்.

புல்தரைக்கு மருந்தடிக்க வேண்டுமா என்று அவர் கடைசியாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். மண்ணிலுள்ள மக்கைத் தின்று வாழும் பூஞ்சை அது, புல்லை நோயில் தள்ளாது. தொட்டால் விஷம் ஏறாது, கையைக் கழுவினால் சரி. அவர் வீட்டில் தவழும் குழந்தையும் நாயும் இருந்ததால், மழைநாட்களில் காலையில் குடை விரியும் முன்னே பிடுங்கிப் பையில் கட்டிப் போடச் சொன்னேன். மண்ணுக்குள் இழைகள் இருக்கும் வரை அடுத்த மழைக்கும் முளைக்கும், அப்போதும் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.