முதல் நாள் எல்லா ஏசியும் குளிரும்

ஸ்பிளிட் ஏசி பொருத்தி முடித்ததும் வீட்டுக்காரர் செய்யும் முதல் காரியம், இன்டோர் யூனிட்டுக்குக் கீழே கையை நீட்டிப் பார்ப்பது. காற்று சில்லென்று பட்டால் முகம் மலர்ந்துவிடும். "வேலை சுத்தம் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கும் அதுதான் சான்றிதழ். இப்போது அந்தக் கை நீளும்போது கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. வேக்கம் போடாத, அதாவது பைப்பில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுக்காத ஏசியும் முதல் நாள் குளிரும். திருகு சரியாக முறுக்காத ஏசியும் குளிரும். எர்த் வயரை மடித்து டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்ட ஏசியும் குளிரும். கண்ணுக்குத் தெரியாத வேலைகளில்தான் ஆபத்து இருக்கிறது.

ஒரு வீட்டில் ஏசி அடிக்கடி நின்றுபோகிறது என்று கூப்பிட்டார்கள். "கேஸ் தீர்ந்திருக்கும், போன வருஷமும் போட்டாங்க. நிரப்பிடுங்க தம்பி" என்று அந்த வீட்டு அம்மா முன்கூட்டியே தீர்ப்பு சொல்லிவிட்டார். மெயினை அணைத்துவிட்டு அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியதுமே கருகிய பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியது. வயர்களைத் திருகி இணைக்கும் டெர்மினல் பிளாக்கில் ஒரே ஒரு திருகைச் சுற்றி மட்டும் பழுப்பு ஏறியிருந்தது. அதில் நுழைந்த வயரின் உறை அரை அங்குலம் சுருங்கி, உள்ளே செம்பு கறுத்துக் கிடந்தது. ஸ்குரூடிரைவரை வைத்துத் திருப்பினால் திருகு முக்கால் சுற்று உள்ளே போனது. பொருத்தியவர் கடைசியாக ஒரு முறை முறுக்கிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இது ஏன் ஆபத்து என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். ஒன்றரை டன் ஏசி ஓடும்போது சுமாராக 7, 8 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை உருவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 8-ஐ 8-ஆல் பெருக்கி, அரையால் பெருக்கினால் 32 வாட். ஒரு சால்டரிங் அயர்ன் தரும் சூடு, பட்டாணி அளவு இடத்தில், இரவு முழுக்க. சூட்டில் உலோகம் கறுக்கும், தடை கூடும், சூடு இன்னும் ஏறும். "அப்படி ஆனால் எம்.சி.பி. விழுந்துவிடுமே" என்று, போர்டில் தானாக விழும் அந்தப் பாதுகாப்புச் சுவிட்சை நம்பிப் பலரும் கேட்பார்கள். விழாது. எம்.சி.பி. பார்ப்பது மின்னோட்டத்தை மட்டும்தான். இங்கே மின்னோட்டம் கூடவே இல்லையே.

அதனால்தான் வயரிங் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். ஏசிக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் வர வேண்டும். வழியில் வேறு எந்தப் பிளக்குக்கும் கிளை போகக் கூடாது. ஒன்றரை டன்னுக்குப் பொதுவாக 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போடுவோம். தூரம் அதிகமென்றால் யோசிக்காமல் பெரியதைப் போடலாம். எம்.சி.பி. வயரைக் காப்பதற்காக வைப்பது என்பதால், அடிக்கடி விழுகிறது என்று பெரிய எம்.சி.பி. மாற்றுவது, காய்ச்சல் தெரியக் கூடாது என்று தெர்மாமீட்டரை உடைப்பது போல. பல இழை வயரின் நுனியை விரலால் முறுக்கித் திருகுக்கு அடியில் செருகாமல், லக் அல்லது ஃபெருல் என்ற உலோக முனையை மாட்டி அழுத்துங்கள். இன்டோருக்கும் அவுட்டோருக்கும் இடையே போகும் கேபிளில் நடுவில் ஜாயின்ட் கூடவே கூடாது. கேபிள் குட்டையாகிவிட்டதா, முழுதாக மாற்றுங்கள்.

கம்ப்ரசரின் வேகத்தை மாற்றிக்கொண்டே ஓடும் இன்வர்ட்டர் ஏசியில் அந்தக் கேபிள் இன்னும் நுணுக்கமானது. பல மாடல்களில் ஃபேஸ், நியூட்ரல், எர்த் தவிர ஒரு சிக்னல் வயரும் போகும். இரண்டு யூனிட்டும் பேசிக்கொள்வது அதன் வழியாகத்தான். நிறத்தை நம்பி மாற்றிச் செருகினால், அதிர்ஷ்டம் இருந்தால் எர்ரர் கோடு காட்டி நிற்கும், இல்லாவிட்டால் போர்டு புகைந்துவிடும். டெர்மினலில் அச்சிட்டிருக்கும் எண்ணை மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் படத்தோடு ஒப்பிட்டே இணைக்க வேண்டும். எர்த் பற்றி ஒரே வரி: நியூட்ரலோடு சேர்த்துக் கட்டினால் அது எர்த் இல்லை, நியூட்ரல் அறுகிற அன்றைக்கு ஏசியின் இரும்பு உடம்பு முழுக்க கரண்ட்.

மூடியைத் திறக்கிறவர்களுக்கு ஒன்று. ரிமோட்டில் அணைத்தால் போதாது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் சுவிட்சை இறக்க வேண்டும். அப்புறமும் கை வைக்கக் கூடாது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம் இன்வர்ட்டர் போர்டில் நேர்திசை மின்சாரமாக (டிசி) மாறும்போது ஏறக்குறைய 325 வோல்ட் ஆகிறது. பெரிய கெபாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மின்சாரம் போன பிறகும் சில நிமிடங்களுக்கு விடாது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று யூனிட்டிலேயே பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். காத்திருந்து, மல்டிமீட்டரை டிசியில் வைத்து அளந்து பார்த்த பிறகே தொட வேண்டும். டெஸ்டர் எரியவில்லை என்பதை நம்பாதீர்கள். பழைய மாடலின் ரன் கெபாசிட்டரை ஸ்குரூடிரைவரால் ஷார்ட் பண்ணி 'டப்' என்று சத்தம் கேட்டுச் சிரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரெசிஸ்டர் வைத்து இறக்குவதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது.

சரி, கேஸுக்கு வருவோம்.

ஏசியில் இருக்கும் கேஸ், வண்டியில் ஊற்றும் பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகி, ஆவியாகி, திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ கசிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். வருஷா வருஷம் கேஸ் போடுகிறார்கள் என்றால், வருஷா வருஷம் ஒரு ஓட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். காயிலில் ஐஸ் கட்டினால் கேஸ் குறைவு என்று உடனே முடிவு கட்டுவதும் தவறு. ஃபில்டர் அடைத்துக் காற்று ஓடாவிட்டாலும் ஐஸ் கட்டும். முதலில் ஃபில்டரைக் கழுவிப் பாருங்கள், அதற்கு மெக்கானிக்கே தேவையில்லை.

நான் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவை ஃபிளேர் நட்டில், அதாவது வாய் விரித்த பைப்பை இறுக்கிப் பிடிக்கும் நட்டில்தான். காப்பர் பைப்பை வெட்டியதும் உள்விளிம்பில் நிற்கும் பிசிரைச் சுரண்டாமல் ஃபிளேர் பண்ணினால், அந்த முகத்தில் மயிரிழை போல ஒரு கோடு விழும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, கேஸுக்குத் தெரியும். பிசிரை எடுக்கும்போது பைப்பின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும், துகள் உள்ளே விழக் கூடாது. நட்டை முறுக்கும்போது இரண்டு ஸ்பேனர், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. கால் அங்குல நட்டுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர் வரை போதும். பலத்தைக் காட்டினால் ஃபிளேர் நசுங்கி, அன்றைக்குப் பிடித்து நான்கு மாதம் கழித்துக் கசியும்.

இணைத்ததும் கேஸைத் திறந்துவிடாமல், நைட்ரஜன் ஏற்றிச் சோதிக்க வேண்டும். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். வேலை பழகிய காலத்தில் ஒரு நாள் நைட்ரஜன் சிலிண்டர் காலி. பக்கத்தில் பற்றவைப்புக்கு வைத்திருந்த ஆக்சிஜன் நின்றது. "பிரஷர்தானே வேணும் அண்ணே, இதைப் போட்டா என்ன?" என்று கேட்டுக்கொண்டே ஹோஸை எடுத்தேன். மேலே ஏணியில் நின்றவர் இறங்கிவந்து ஹோஸைப் பிடுங்கினார். திட்டக்கூட இல்லை. கம்ப்ரசரிலிருந்து வழித்த எண்ணெயை விரலில் காட்டி, "இதுவும் அதுவும் அழுத்தத்துல சேர்ந்தா தீப்பெட்டி வேணாம்டா" என்றார். அழுத்தமான ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் தானாகவே பற்றும், வெடிக்கும். கசிவுச் சோதனைக்கு ஆக்சிஜனை எந்த நிலையிலும் தொடாதீர்கள். நைட்ரஜனையும் ரெகுலேட்டர் இல்லாமல் இணைக்கக் கூடாது. நிறைந்த சிலிண்டருக்குள் 150 பார் அளவுக்கு அழுத்தம் நிற்கும். ஏசி தாங்குவது அதில் ஒரு சிறு பங்குதான், அந்த அளவு அவுட்டோர் யூனிட்டின் தகட்டில் இருக்கும்.

அழுத்தம் ஏற்றியதும் சோப்புத் தண்ணீர். அப்புறம் காத்திருப்பு. மதியம் 400 பி.எஸ்.ஐ. வைத்துவிட்டு, மாலையில் வெப்பம் 5 டிகிரி இறங்கினால் கேஜின் முள்ளும் 6, 7 பி.எஸ்.ஐ. இறங்கும். அது கசிவு இல்லை, வாயுவின் இயல்பு. அதற்கு மேல் இறங்கினால்தான் தேட வேண்டும்.

வேக்கம் போடுவதைத்தான் அதிகம் பேர் விழுங்குகிறார்கள். அவுட்டோரில் இருக்கும் கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டுப் பைப்பில் இருக்கும் காற்றைத் தள்ளி வெளியேற்றுவது ஒரு பழைய வழக்கம். காற்றில் கொஞ்சம் உள்ளேயே தங்கும், ஈரமும் தங்கும். ஆர்-410ஏ, ஆர்-32 வகைக் கேஸ் ஓடும் ஏசிகளில் பொதுவாக இருக்கும் எண்ணெய் ஈரத்தைப் பஞ்சு போல உறிஞ்சி, மெல்ல அமிலமாக மாறி, கம்ப்ரசர் வைண்டிங்கை அரிக்கும். கம்ப்ரசர் போன பிறகு "அந்தக் கம்பெனி சரியில்லை" என்று பேச்சு வரும். வேக்கம் பம்பை ஓட்டி 500 மைக்ரானுக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். சாதாரணக் காற்றழுத்தம் 7,60,000 மைக்ரான் என்று நினைத்துக்கொண்டால் எவ்வளவு வெறுமை தேவை என்று புரியும். சாதாரண கேஜின் முள் அதற்கு வெகு முன்பே கீழே ஒட்டிக்கொள்ளும், மைக்ரான் கேஜ் தேவை. பிறகு பம்பை மூடிப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் ஈரம் இன்னும் இருக்கிறது, நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஓட்டை இருக்கிறது.

இதற்குப் பிறகு கேஸ் ஏற்றுவது உண்மையில் சுலபமான பகுதி. அவுட்டோர் தகட்டில் எத்தனை கிராம் என்று இருக்கும். எடைத்தராசில் சிலிண்டரை வைத்து அத்தனை கிராம் ஏற்ற வேண்டும். பைப் வழக்கத்தைவிட நீளம் என்றால் மீட்டருக்கு எத்தனை கிராம் கூட்டுவது என்பதும் கையேட்டில் உண்டு. "சக்ஷன் 120 வந்துடுச்சு, போதும்" என்று கேஜில் உறிஞ்சும் பக்க அழுத்தத்தைப் பார்த்து நிறுத்தும் பழக்கம் ஒரே வேகத்தில் ஓடும் பழைய கம்ப்ரசர் காலத்தது. இன்வர்ட்டர் கம்ப்ரசர் வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், முள்ளும் கூடவே ஆடும். ஆர்-410ஏ என்பது ஆர்-32, ஆர்-125 இரண்டையும் எடையில் பாதிக்குப் பாதி கலந்தது. அதைத் திரவமாகத்தான் எடுக்க வேண்டும், ஓடும் கம்ப்ரசருக்கு வால்வை மெல்லத் திறந்து துளித்துளியாக. திரவம் மொத்தமாகப் போனால் கம்ப்ரசர் உடையும். கையுறை, கண்ணாடி அணியாமல் ஹோஸைக் கழற்றாதீர்கள். தோலில் படும் திரவம் பூஜ்யத்துக்கு 50 டிகிரி கீழே கொதிக்கும், தீப்புண் போலவே தோல் உரியும்.

எந்த ஏசியில் எந்தக் கேஸ் என்பதில் விளையாட்டே கூடாது. ஆர்-32 லேசாகத் தீப்பற்றும் வகை. ஆர்-290 என்பது புரொபேன், காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் சேர்ந்தாலே பற்றும். இதைத் தாங்க வடிவமைக்காத பழைய ஆர்-22 ஏசியில் "செலவு குறைவு, நல்லா குளிரும்" என்று இதை ஏற்றுவது, தீப்பொறி தரும் ரிலேக்களுக்கு நடுவே எரிவாயுவை வைப்பது. பற்றவைப்பு வேலை இருந்தால் உள்ளே இருக்கும் கேஸை முழுக்க மீட்டெடுத்து, நைட்ரஜன் ஓட்டிய பிறகே டார்ச்சைத் தொடுங்கள். ஆர்-22 மேல் தீ பட்டால் நச்சு வாயு உருவாகும். கேஸைக் காற்றில் விடவும் வேண்டாம். ஒரு கிலோ ஆர்-410ஏ ஏறக்குறைய 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும்.

வீடு மாறும்போது ஏசியைக் கழற்றுவதற்குப் பம்ப் டவுன் செய்வோம், அதாவது கேஸை அவுட்டோருக்குள் இழுத்து அடைப்போம். மெல்லிய பைப் வால்வை மூடி, கூலிங்கில் ஓட்டி, முள் பூஜ்யத்தை நெருங்கியதும் தடித்த பைப் வால்வை மூடி, உடனே அணைக்க வேண்டும். அந்த 'உடனே' முக்கியம். அணைக்க மறந்து, அல்லது ஓடும்போதே நட்டைத் தளர்த்தினால், கம்ப்ரசர் காற்றை இழுக்கும். காற்றும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து அமுங்கினால் டீசல் எஞ்சினுக்குள் நடப்பதே அங்கும் நடக்கும். கம்ப்ரசர் வெடித்து ஆள் செத்ததும் உண்டு. இன்டோர் பக்கம் கசிவு இருக்கிற ஏசியில் பம்ப் டவுனே வேண்டாம். மீட்பு மெஷினால் எடுத்துவிடுங்கள்.

அந்த அம்மா வீட்டுக்கு வருவோம். கருகிய டெர்மினல் பிளாக்கை மாற்றி, வயரை நல்ல செம்பு வரைக்கும் வெட்டி, லக் போட்டு இறுக்கினேன். கேஸை மீட்டெடுத்து எடை போட்டால் 1,170 கிராம் இருந்தது. தகட்டில் 960, பைப் நீளத்துக்காக இன்னும் 40. போன வருஷம் தேவையே இல்லாத ஏசியில் கேஸ் ஏற்றியிருக்கிறார்கள். கூடுதல் கேஸால் அழுத்தமும் ஆம்பியரும் ஏறி, ஏற்கெனவே தளர்ந்திருந்த திருகு இன்னும் சீக்கிரம் கருகியிருக்கிறது. வேக்கம் போட்டு 1,000 கிராம் மட்டும் ஏற்றினேன். "கேஸ் போடலையா?" என்று அவர் கேட்டார். "எடுத்திருக்கேன்மா" என்றேன். கொஞ்ச நேரம் நம்பாமல் பார்த்துவிட்டு, வழக்கம் போல யூனிட்டுக்குக் கீழே கையை நீட்டினார்.

மூடியை மாட்டும் முன் அதன் உட்புறம் மார்க்கரால் எழுதினேன்: தேதி, ஆர்-32, 960 + 40 கிராம், டெர்மினல் மாற்றியது.