சேணத்தில் குலுங்காத சவாரி

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகரில், ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஒரு குதிரைக் காட்சி நடக்கிறது. உள்ளரங்கில் ஆர்கன் இசை ஒலிக்க, ஒரு குதிரை வட்டமடிக்கிறது. கழுத்து நிமிர்ந்திருக்கிறது, வால் கொடிபோல உயர்ந்திருக்கிறது, முன்னங்கால் முட்டி அடிக்கு அடி மேலே எழுகிறது. நல்ல வேகம். ஆனால் சேணத்தில் இருப்பவரைப் பாருங்கள்: திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடிப்பவர்போல இருக்கிறார். கீழே நடக்கும் அமர்க்களம் அவருடைய இடுப்புவரைகூட வந்து சேரவில்லை.

இந்த இனத்துக்கு அமெரிக்கன் சாடில்பிரெட் என்று பெயர். குதிரைகளில் மயில் என்று அங்கே செல்லமாகச் சொல்வார்கள். நம் பழைய நூல்களும் குதிரைக்கு ஐந்து கதி, அதாவது ஐந்து நடைவகை, வகுத்து, அவற்றில் ஒன்றை மயூரகதி என்கின்றன. இரண்டு ஊர்க்காரர்களுக்கும் குதிரையைப் பார்த்தால் மயில் நினைவு வந்திருக்கிறது. சாடில்பிரெட்டுக்கும் கணக்கு ஐந்துதான். சாதாரண நடை, துள்ளுநடையான ட்ராட், மிதமான பாய்ச்சலான கேண்டர் ஆகிய மூன்றும் பெரும்பாலான குதிரைகளுக்கும் உள்ளவை. நான்காவது, நிதானமான ஸ்லோ கெயிட். ஐந்தாவது, அதையே வேகமாக ஓட்டும் ரேக். சேணத்தில் இருப்பவரின் நிம்மதிக்குக் காரணம் இந்த ரேக்தான்.

மேசைமேல் இரண்டு கைகளையும் வையுங்கள். இடது கட்டைவிரல் குதிரையின் இடது பின்னங்கால், இடது சுண்டுவிரல் இடது முன்னங்கால். வலது கைக்கும் அப்படியே. முதலில் ட்ராட்: இடது கட்டைவிரலும் வலது சுண்டுவிரலும் ஒன்றாகத் தட்ட வேண்டும், பிறகு மற்ற இரண்டும் ஒன்றாக. 'தக, தக' என்று இரண்டே அடி. இப்போது ரேக்: இடது கட்டை, இடது சுண்டு, வலது கட்டை, வலது சுண்டு. ஒவ்வொன்றும் தனியாக, சம இடைவெளியில் விழ வேண்டும். 'தகதிமி, தகதிமி.' சதுச்ர நடை என்று சங்கீதக்காரர்கள் சொல்வதைக் குளம்பால் வாசித்தால் இதுதான்.

ட்ராட்டில் ஒரு ஜோடிக் கால் தரையை விட்டதும், அடுத்த ஜோடி தரையைத் தொடுவதற்குள், நான்கு கால்களும் காற்றில் இருக்கும் ஒரு கணம் வருகிறது. சுமார் ஐந்நூறு கிலோ உடம்பு எழும்பி விழுகிறது. விழும்போது கால்களின் தசைநார்கள் ஸ்பிரிங் போல அமுங்கி, மீண்டும் மேலே தள்ளுகின்றன. அந்த ஏற்ற இறக்கம் அப்படியே சவாரிக்காரரின் முதுகெலும்புக்குப் போகிறது. ட்ராட்டில் போகிறவர்கள் சேணத்திலிருந்து எழுந்து எழுந்து உட்காருவது பகட்டுக்காக என்று நினைக்க வேண்டாம், முதுகைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

ரேக்கில் அந்தப் பறக்கும் கணமே இல்லை. எப்போதும் ஒரு குளம்பாவது தரையில் இருக்கும். பாரம் ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்குக் கைமாறிக்கொண்டே போவதால் முதுகு கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நகர்கிறது. சவாரிக்காரருக்குச் சுகம், குதிரைக்குக் கடும் உழைப்பு. ரேக்கில் நெடுநேரம் ஓடவிட்டால் குதிரை களைத்துப்போகும்.

இந்தக் குதிரையை வளர்த்தவர்களுக்கு அந்தச் சுகம் தேவைப்பட்டது. பரந்த தோட்டங்களை நாள் முழுக்கச் சுற்றிவரும் கென்டக்கி நிலக்கிழார்கள், மென்னடை போடும் பழைய நாரகான்செட் பேசர் குதிரைகளின் வழிவந்தவற்றோடு பந்தயக் குதிரையான தரோபிரெட்டைக் கலந்தார்கள். முன்னதிலிருந்து நடை, பின்னதிலிருந்து உயரமும் மிடுக்கும். 1891இல் லூயிவிலில் இந்த இனத்துக்கென்று சங்கமே ஏற்பட்டது. பிறகு மோட்டார் கார் வந்தது. தோட்டத்துக் குதிரை காட்சி அரங்குக்குக் குடிபெயர்ந்தது.

எல்லாக் குதிரைகளாலும் ஏன் இப்படி ஓட முடிவதில்லை? 2012இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விடையின் ஒரு பகுதியைக் கண்டுபிடித்தார்கள். டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால், அது உருவாக்கும் புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. தண்டுவடத்தில் எந்தக் கால் எப்போது எழ வேண்டும் என்று ஒருங்கிணைக்கும் நரம்பணுக்களில் வேலை செய்யும் மரபணு அது. ஐஸ்லாந்துக் குதிரைகள் உட்பட, விசேஷ நடைபோடும் பல இனங்களில் இந்த மாற்றம் தென்படுகிறது. ஆனால் மரபணு எல்லாவற்றையும் செய்துவிடுவதில்லை. சாடில்பிரெட்டுகளிலேயே மூன்று நடையோடு நிற்பவை ஏராளம்; அவற்றுக்குத் தனிப் போட்டி உண்டு. பிடரி மழிக்கப்பட்டிருந்தால் மூன்று நடை, பிடரி முழுதாக அலைந்தால் பெரும்பாலும் ஐந்து நடை என்று பார்வையாளர்கள் தூரத்திலிருந்தே இனம்கண்டுகொள்வார்கள்.

முட்டி அவ்வளவு உயர எழுவதில் பிறவிக்குணமும் உண்டு, கொல்லரின் கைவேலையும் உண்டு. கனமான லாடம் அடித்தால், காலின் கடைசி நுனியில் எடை கூடுகிறது. காலை வீசத் தொடங்கிய பிறகு, ஊசல்குண்டுபோல அந்த எடையே குளம்பை இன்னும் உயரத்துக்கு இழுத்துப்போகிறது. இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வால் விஷயம் எனக்கு ஒப்பவில்லை. வாலைக் கீழே இழுக்கும் தசைகளில் கீறிவிட்டு, கொட்டிலில் பட்டை கட்டி, அது நிமிர்ந்தே நிற்கும்படி பழக்கும் வழக்கம் நீண்டகாலம் இருந்தது. இப்போது பல போட்டிகளில் இயல்பான வாலோடும் வரலாம். நிமிர்த்தப்பட்ட வாலுள்ள குதிரைக்கு, கோடைக்காலத்தில் தொடையில் உட்காரும் ஈயை விரட்டுவதுகூடப் பெரும்பாடு.