'அவுஸ்வாண்டரர்': சொல்லும் அதற்கு ஏற்ற தமிழும்

ஜெர்மனியில் வேசர் ஆறு வடகடலில் கலக்கும் இடத்தில் ப்ரேமர்ஹாஃபன் என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு அங்கே திறக்கப்பட்ட அருங்காட்சியகம் ஒன்றின் பெயர் 'டாய்ச்சஸ் அவுஸ்வாண்டரர்ஹவுஸ்'. இப்பெயரைத் தமிழில் எழுத முற்படுபவர் கைக்கு முதலில் வரும் சொல் 'குடியேறிகள்' என்பதாகத்தான் இருக்கும். ஆனால் 'ஜெர்மன் குடியேறிகள் இல்லம்' என்று எழுதிவிட்டால், ஜெர்மனிக்குள் வந்து குடியேறியவர்களுக்காக எழுப்பிய இல்லம் என்று பொருள் தலைகீழாகிவிடும். அந்த இல்லம் முதன்மையாக நினைவுகூர்வது ஜெர்மனியை விட்டுக் கப்பலேறிப் போனவர்களை. போனவர்களையும் வந்தவர்களையும் ஒரே சொல்லால் குறிக்கும் பழக்கம் நம் எழுத்தில் வேரூன்றியிருப்பதால், 'அவுஸ்வாண்டரர்' என்னும் இந்த ஒரு ஜெர்மன் சொல்லைச் சற்று நின்று பார்ப்பது தேவையாகிறது.

'அவுஸ்' என்னும் முன்னொட்டுக்கு வெளியே, புறத்தே என்பது பொருள். 'வாண்டர்ன்' என்னும் வினைக்கு நடந்து செல்லுதல், ஊர் ஊராகச் செல்லுதல் என்பது பொருள். திருப்புதலையும் திருகுதலையும் குறிக்கும் 'வெண்டன்', 'விண்டன்' என்னும் ஜெர்மன் வினைகளோடு உறவுடைய சொல் அது. இன்று ஜெர்மானியர் விடுமுறை நாளில் காட்டுப் பாதையிலும் மலைப் பாதையிலும் மகிழ்ச்சிக்காக நடப்பதையும் அதே சொல்லால் குறிக்கிறார்கள். பழங்காலத்தில் அதற்கு இன்னொரு கனமான பொருளும் இருந்தது. தச்சு வேலையோ கொல்லு வேலையோ கற்று முடித்த இளைஞன், கருவிகளையும் மாற்றுத் துணியையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு, சில ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று வெவ்வேறு ஆசான்களிடம் வேலை பார்த்துத் தொழிலில் தேர்ந்து திரும்புவது வழக்கம். அந்தப் பயணத்துக்கும் 'வாண்டர்ன்' என்றே பெயர். ஆகவே இந்த வினைக்குள் திரும்பி வருதல் என்னும் எதிர்பார்ப்பு அடங்கியிருக்கிறது. 'அவுஸ்' முன்னே வந்து சேரும்போது அந்த எதிர்பார்ப்பு அறுந்துவிடுகிறது. 'அவுஸ்வாண்டரர்' என்பவர் நடந்து வெளியேறியவர், போனவர் போனவரே. இதற்கு நேர்மாறாக, உள்ளே என்று பொருள்படும் 'ஐன்' சேர்ந்த 'ஐன்வாண்டரர்' என்னும் சொல், வந்து சேர்ந்தவரைக் குறிக்கும்.

லத்தீன் வழியாக வந்த 'எமிக்ராண்ட்' என்னும் சொல்லும் ஜெர்மனில் உண்டு. 1731, 1732-ஆம் ஆண்டுகளில் சால்ஸ்பர்க் பேராயரின் நாட்டிலிருந்து துரத்தப்பட்ட புராட்டஸ்டன்ட் மக்களுக்கும், பிரெஞ்சுப் புரட்சிக்கு அஞ்சி ஓடிவந்த பிரபுக்களுக்கும் அந்தச் சொல் வழங்கியது. துரத்தப்பட்டவருக்கு ஒரு சொல், தாமே முடிவெடுத்துப் போனவருக்கு வேறொரு சொல் என்ற வேறுபாடு இங்கே தெரிகிறது. ஆனால் 'தாமே முடிவெடுத்து' என்பதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது, 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் குடும்பங்கள் ஏன் போயின என்று பார்த்தால்தான் விளங்கும்.

1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அதன் தூசி வானத்தை மறைத்ததால் 1816-இல் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. தென்மேற்கு ஜெர்மனியில் தானியம் முற்றாமல் அழுகியது. அடுத்த ஆண்டின் இளவேனிலில் வூர்ட்டம்பெர்க் நாட்டு உழவர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். சிலர் உல்ம் நகரிலிருந்து டான்யூப் ஆற்று வழியே ரஷ்யப் பேரரசை நோக்கியும், சிலர் நெக்கர், ரைன் ஆறுகள் வழியே ஆம்ஸ்டர்டாம் சென்று அமெரிக்கக் கப்பலைப் பிடிக்கவும் போனார்கள். 1817 ஏப்ரல் இறுதியில், அப்போது 27 வயதே ஆன ஃப்ரீட்ரிஷ் லிஸ்ட் என்னும் அதிகாரியை அரசு ஹைல்ப்ரான் பகுதிக்கு அனுப்பி, போகிறவர்களை நேரில் விசாரிக்கச் சொன்னது. பின்னாளில் பொருளியல் அறிஞராகப் பெயர் பெற்ற அதே லிஸ்ட்தான். அவரிடம் உழவர்கள் பஞ்சத்தைப் பற்றிச் சொன்னார்கள். ஆனால் அதற்கும் மேலாக வரிச் சுமையைப் பற்றியும், ஊர்க் கணக்கு எழுதும் அதிகாரிகள் தங்களை நடத்திய விதத்தைப் பற்றியும் சொன்னார்கள். மழை பொய்த்தால் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று காத்திருப்பவர்கள் உழவர்கள். அவர்கள் கிளம்பியது நிலத்தின் மீதிருந்த நம்பிக்கையோடு ஊரின் மீதிருந்த நம்பிக்கையும் போன பிறகுதான் என்பதை அந்த விசாரணை காட்டுகிறது. லிஸ்டும் அரசோடு முரண்பட்டுச் சிறை சென்று, 1825-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

பஞ்சம் உடனடிக் காரணம் என்றால், பாகப் பிரிவினை நீண்ட காலக் காரணம். வூர்ட்டம்பெர்க், பாடன், ஃபால்ட்ஸ் பகுதிகளில் தந்தையின் நிலத்தைப் பிள்ளைகள் அனைவருக்கும் சமமாகப் பிரிப்பது வழக்கம். ஒரு தலைமுறையில் நான்கு துண்டான நிலம் அடுத்த தலைமுறையில் பதினாறு துண்டாகி, ஏர் திரும்ப இடமில்லாத கீற்றுகளாக மெலிந்தது. வடமேற்கே வெஸ்ட்ஃபாலியாவிலும் ஓஸ்னாப்ரூக் வட்டாரத்திலும் பண்ணை முழுவதும் ஒரே வாரிசுக்குப் போயிற்று. மற்றப் பிள்ளைகள் குத்தகைக் குடிசைகளில் ஒதுங்கி, பண்ணையாருக்குக் கூலி வேலை செய்தும் மாலையில் சணல் நூல் நூற்றும் பிழைத்தார்கள். இயந்திர நூல் வந்ததும் அந்த மாலை வருமானமும் போயிற்று. இருவேறு வாரிசு முறைகளும் ஒரே கப்பல் துறையில் வந்து முடிந்தன. 1845 முதல் உருளைக்கிழங்கு நோயால் அழிந்தபோது நிலைமை முற்றி, 1854-இல் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் அமெரிக்காவில் இறங்கினார்கள்.

மெக்லென்பர்க்கின் நிலை இன்னும் கொடியது. அங்கே பண்ணையடிமை முறை 1820-இல் ஒழிக்கப்பட்டது என்றாலும், ஓர் ஊரில் தங்கும் உரிமையைத் தரும் அதிகாரம் பண்ணை முதலாளிகளிடமே இருந்தது. அந்த உரிமை இல்லாதவர் திருமணம் செய்துகொள்ள முடியாது. நிலமற்ற தொழிலாளி ஒருவன் குடும்பம் அமைக்க வேண்டுமானால் கடல் தாண்டுவதே வழி என்ற நிலையை வெறும் வறுமை என்று சொல்லிவிட முடியாது. வேறு சிலர் தம் ஊரின் செலவிலேயே அனுப்பப்பட்டார்கள். ஹெஸ்ஸன் நாட்டு ஊரான க்ரோஸ்ட்சிம்மெர்ன், 1846-இல் தன் ஏழைகள் 600-க்கும் மேற்பட்டோரை நியூயார்க்குக்குக் கப்பலேற்றியது. ஆண்டுக்கு ஆண்டு கஞ்சி ஊற்றுவதைவிட ஒருமுறை பயணக் கட்டணம் கட்டிவிடுவது ஊருக்கு மலிவு. இவர்களையும் பதிவேடுகள் 'அவுஸ்வாண்டரர்' என்றே எழுதின.

சமயத்தின் பொருட்டுப் போனவர்களும், அரசியலின் பொருட்டுப் போனவர்களும் எண்ணிக்கையில் குறைவு. பிரஷ்ய மன்னர் லூதரன் சபையையும் சீர்திருத்த சபையையும் ஒன்றாக இணைத்ததை ஏற்காத பழைய லூதரன் குடும்பங்கள், அவுகுஸ்ட் காவல் என்னும் போதகரின் தலைமையில் 1838-இல் தெற்கு ஆஸ்திரேலியா சேர்ந்தன; அடுத்த ஆண்டு அங்கே எழுந்த ஹான்டார்ஃப், அவர்களில் ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்த கப்பல் தலைவர் ஹானின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1848 புரட்சி தோற்றபின் ஓடிய ஃப்ரீட்ரிஷ் ஹெக்கர், கார்ல் ஷுர்ட்ஸ் போன்றோரின் புகழ் பெரிது. ஆனால் அந்தப் பத்தாண்டில் போன கூட்டத்தில் அவர்கள் ஒரு கைப்பிடி அளவினரே. அவர்களை வைத்து அந்தக் காலத்து வெளியேற்றம் முழுவதையும் சுதந்திர வேட்கை என்று எழுதுவது, கிழங்கு அழுகிய வயலைப் பார்க்க மறுப்பதாகும்.

இந்தச் சொல்லுக்குள் இருக்கும் 'வெளியே' என்பது ஒரு சட்டச் செயலையும் குறித்தது. அரசனின் குடியாகப் பிறந்தவர் நினைத்தபோது கிளம்பிவிட முடியாது. குடிமையிலிருந்து தம்மை விடுவிக்குமாறு அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். மனுவை அரசு இதழில் அறிவிப்பார்கள். கடன் கொடுத்தவர்கள் அதைப் பார்த்து வந்து கேட்கலாம். படைச்சேவை முடிக்காத மகன் வீட்டில் இருந்தால் சிக்கல்தான். 1849-இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இயற்றப்பட்ட அரசமைப்பின் 136-ஆம் பிரிவு, வெளியேறும் உரிமையை அரசு தடுக்கலாகாது என்றும், வெளியேறுபவரிடம் வரி வாங்கலாகாது என்றும் கூறியது. அந்த அரசமைப்பு நடைமுறைக்கு வரவில்லை; ஆனாலும், போகும் உரிமையை அடிப்படை உரிமைகளின் வரிசையில் வைத்து எழுதும் அளவுக்கு அது அந்நாளின் பெரிய கேள்வியாக இருந்திருக்கிறது.

துறைமுகங்கள் இச்சொல்லைத் தொழிலாக்கின. ப்ரேமன் நகரம் 1832-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: கப்பல் முதலாளி பயணிகளின் பெயர்ப் பட்டியல் வைத்திருக்க வேண்டும், கப்பல் கடலுக்குத் தகுதியானது என்று காட்ட வேண்டும், 90 நாட்களுக்கு உணவு ஏற்ற வேண்டும். பயணிகள் தங்கியது மேல்தளத்துக்கும் சரக்கறைக்கும் நடுவிலிருந்த இடைத்தளத்தில். அங்கே இரண்டடுக்குப் பலகைப் படுக்கைகள். ஒரு படுக்கையை நான்கைந்து பேர் பகிர்ந்துகொள்வார்கள். வைக்கோல் மெத்தையும் தட்டும் கரண்டியும் அவரவர் கொண்டுவர வேண்டும். புயல் அடித்தால் மேல்வாய்களை மூடிவிடுவார்கள், பிறகு காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அவர்களோடு போன மரப்பெட்டிகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இரும்புப் பட்டை அடித்த பெட்டி, அதன் முகத்தில் வண்ணத்தால் குடும்பத் தலைவரின் பெயர், கீழே சேரும் இடம்: நியூயார்க், அல்லது வட அமெரிக்கா என்று மட்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில் எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு தாய் எப்படி முடிவு செய்திருப்பாள் என்று நினைக்கும்போது, புள்ளிவிவரங்கள் சொல்லாத ஏதோ ஒன்று புரிகிறது.

இனித் தமிழுக்கு வருவோம். 'புலம்பெயர்ந்தோர்' என்பது இன்று பலரும் எடுத்தாளும் சொல். பட்டினப்பாலை, 'மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்' ஊர் என்று காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடுகிறது. அங்கே அச்சொல் வந்து சேர்ந்தவர்களைக் குறித்தது. நம் காலத்திலோ, போருக்குத் தப்பிப் பல நாடுகளில் வாழும் ஈழத்தமிழரின் வாழ்வையும் இலக்கியத்தையும் அச்சொல் தன்மேல் சுமந்து நிற்கிறது. அந்தக் கனத்தை ஜெர்மன் உழவர் மேல் ஏற்றுவது இரு வரலாறுகளையும் மங்கலாக்கும் என்பது என் எண்ணம். 'வலசை' என்பதற்குப் படைக்கு அஞ்சி ஊரார் வெளியேறுதல் என்று அகராதி பொருள் தருகிறது. இன்றைய வழக்கில் அது பறவைகளுக்கு உரியதாகிவிட்டது, பறவைகளோ திரும்பி வருபவை.

சிலப்பதிகாரத்தில் ஓர் அரிய சொல் கிடக்கிறது. புகார் நகரை வாழ்த்தும் இடத்தில், 'பதியெழு வறியாப் பழங்குடி கெழீஇய' என்று வருகிறது. தம் ஊரை விட்டுக் கிளம்புதலை அறியாத பழங்குடிகள் நிறைந்த ஊர் என்று பொருள். பட்டினப்பாலை வந்தவர்களால் சிறப்பித்த அதே ஊரைச் சிலம்பு, போகாதவர்களால் சிறப்பிக்கிறது. 'பதியெழுதல்' என்பது அவுஸ்வாண்டருங் என்னும் செயல்பெயருக்கு மிக நெருங்கிய தமிழ். ஊரை விட்டு எழுவதைப் பேசுகிறதே ஒழிய, எங்கே போனார்கள் என்பதில் அதற்கு அக்கறை இல்லை. ஆனால் இன்றைய வாசகர் 'எழுதல்' என்பதை 'எழுதுதல்' என்று மயங்க இடமுண்டு. செய்யுளுக்கும் தலைப்புக்கும் பொருந்தும், வரலாற்று உரைநடைக்குக் கடினம்.

நான் பரிந்துரைப்பது, இலங்கையில் அரசு வழக்கில் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்ட 'குடியகல்வு' என்னும் சொல்லை. அங்கே இதற்கான திணைக்களத்தின் பெயரிலேயே 'குடிவரவு', 'குடியகல்வு' என்று வருகையும் போகையும் தனித்தனிச் சொற்களாக நிற்கின்றன. தமிழ்நாட்டு எழுத்தில் 'குடியேற்றம்', 'குடிபெயர்வு' என்பவை அந்த எல்லையைக் காப்பதில்லை. இந்தத் தெளிவுக்கும் அப்பால், 'குடி' என்னும் சொல்லே இங்கே பொருளுக்கு வலுவூட்டுகிறது. திருக்குறளின் 'குடிமை', 'குடிசெயல்வகை' என்னும் அதிகாரங்களில் குடி என்பது குடும்பம், மரபு. அரசனோடு சேர்த்துச் சொல்லும்போது அதுவே ஆளப்படும் மக்கள். 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஜெர்மனியை விட்டுப் போனவர்களில் பெரும்பகுதியினர் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பங்கள். போகுமுன் அவர்கள் அரசனின் குடி என்னும் நிலையிலிருந்து விடுதலை வாங்கினார்கள். குடியாக அகன்றார்கள், குடிமையிலிருந்தும் அகன்றார்கள். ஜெர்மன் சொல்லில் இல்லாத இந்த இரட்டைப் பொருள் தமிழில் இயல்பாகவே அமைகிறது. நூற்றாண்டின் இறுதியில் தனியாட்களாகச் சென்ற கூலித் தொழிலாளர் பெருகினார்கள். அவர்களுக்கும் இச்சொல் பொருந்தாமல் போவதில்லை, முன்னவர்களுக்குப் பொருந்தும் அளவுக்கு நிறைவாக இல்லை என்பதே.

ஓர் எச்சரிக்கையும் தேவை. 1938-இல் வியன்னாவிலும் 1939-இல் பெர்லினிலும் நாஜி ஆட்சி நிறுவிய அலுவலகங்கள், யூதர்களைக் கொள்ளையடித்து விரட்டிய செயலுக்கும் 'அவுஸ்வாண்டருங்' என்றே பெயரிட்டன. தாமே முடிவெடுத்துப் போவதைக் குறித்த சொல்லைக் கொண்டு கொடுமையை மூடினார்கள். அந்த இடங்களில் 'குடியகல்வு' என்று மொழிபெயர்த்தால் நாமும் அந்தப் பொய்க்கு உடன்படுவோம். 'விரட்டல்' என்றோ 'வெளியேற்றம்' என்றோ எழுதிவிட்டு, அலுவலகப் பெயரை மட்டும் மேற்கோள் குறிக்குள் தர வேண்டும்.

மற்ற இடங்களில் வழக்கு எளிது. போனவர்கள் 'குடியகன்றோர்', கிளம்பிக்கொண்டிருக்கும் நிலையில் 'குடியகல்வோர்', அவர்களை ஏற்றியது 'குடியகல்வுக் கப்பல்', ஏறிய இடம் 'குடியகல்வுத் துறைமுகம்'. ப்ரேமர்ஹாஃபன் அருங்காட்சியகத்தை 'ஜெர்மன் குடியகன்றோர் இல்லம்' எனலாம். 1855 முதல் 1890 வரை நியூயார்க்கின் காசில் கார்டன் நிலையத்தில் இறங்கிப் பெயர் பதிந்த அதே குடும்பத்தை, அமெரிக்காவின் பக்கமிருந்து எழுதும்போது 'குடிவந்தோர்' என்று எழுத வேண்டும். 1824-இல் பிரேசிலின் சாவோ லெயோபோல்டோவிலும் 1850-இல் புளூமெனாவிலும் காடு வெட்டி ஊர் அமைத்தவர்களுக்கும் இதே முறைதான். அங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எங்கிருந்தும் அகலவில்லை, எங்கும் வந்து குடியேறவும் இல்லை. அவர்களை 'ஜெர்மன் வழியினர்' என்று குறிப்பதே சரி.